வயசானா அப்படித்தானா?



“தாத்தா, வாயைத் திற... ஆ காட்டு... சமத்து!”

பயிற்சிக்குப் போன ஓரிடத்தில், நம்மில் ஒருவர் எண்பது வயதுப் பெரியவருக்கு இப்படித்தான் கஞ்சி கொடுத்தார். பாசமாகத்தான் சொன்னார். ஆனால் பெரியவர் வாயை இறுக மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “எய்யா, நாப்பது வருசம் தறியில உக்காந்தவன் நான். கரண்டியை என் கையில குடு” என்றார். கை நடுங்கியது, கொஞ்சம் சிந்தியது. ஆனாலும் அவரே குடித்து முடித்தார்.

முதியோர் பராமரிப்பைத் தொழிலாகப் படிக்கும் நாம், முதலில் மறக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. வயதை மட்டும் வைத்து ஒருவரை எடைபோடும் பழக்கமே அது. 1969-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் இதற்கு ‘ஏஜிசம்’ என்று பெயர் வைத்தார். முதுமைப் பாகுபாடு என்று நாம் சொல்லலாம். உலகில் இரண்டு பேரில் ஒருவருக்கு இந்த எண்ணம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

நம் வேலையில் இது மூன்று வழிகளில் தலைகாட்டும்.

முதலாவது, பேச்சு. கிறிஸ்டீன் வில்லியம்ஸ் குழுவினர் அமெரிக்காவில் நடத்தி 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மறதி நோயுள்ள முதியவர்களிடம் குழந்தையிடம் கொஞ்சுவதுபோலப் பேசியபோது, அவர்கள் பராமரிப்புக்கு ஒத்துழைக்காமல் எதிர்ப்பது கூடியது. “பெருசு பிடிவாதம் பிடிக்குது” என்கிறோமே, அந்தப் பிடிவாதத்தில் நம் பங்கும் உண்டு!

இரண்டாவது, ஆளைத் தாண்டிப் பேசுவது. ஆச்சி கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நாமோ மகளிடம், “ஆச்சி ராத்திரி தூங்கினாங்களா?” என்று கேட்போம். ஆச்சிக்கு வாய் இல்லையா?

மூன்றாவதுதான் ஆபத்தானது. எதற்கெடுத்தாலும் “வயசானா அப்படித்தான்” என்று விட்டுவிடுவது. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று உளறினால் அது முதுமை அல்ல. சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் குறைவது, மருந்தின் விளைவு என்று ஏதாவது காரணம் இருக்கும். உடனே மருத்துவரிடம் சொன்னால் பெரும்பாலும் சரிசெய்யலாம். ‘அப்படித்தான்’ என்ற ஒரு வார்த்தையால் ஓர் உயிரே போகக்கூடும்.

இந்த எண்ணம் முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் ‘தலைக்கூத்தல்’ என்ற பெயரில் படுத்த படுக்கையான முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகவிடும் கொடுமை 2010-ல் செய்திகளில் வெளிவந்தது. வறுமையும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததும் காரணங்கள்தாம். ஆனால் ‘இனி இவர் இருந்து என்ன ஆகப்போகுது’ என்ற நினைப்பும் சேர்ந்துதானே அது நடக்கிறது? பயிற்சி பெற்ற ஒரு கை அந்த வீட்டில் நுழைந்தால் கதையே மாறும்.

நம் மாநிலம் இதில் முன்னோடியும்கூட. 1978-லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 14 பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். ஆஸ்பத்திரி மட்டும் போதாது. வீடுகளுக்குப் போகப்போவது நாம்தான்.

சரி, இந்த எண்ணத்தைக் குறைப்பது எப்படி? சட்டம், கல்வி, தலைமுறைகள் கலந்து பழகுதல் என மூன்று வழிகளை உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பின்னிரண்டும் நம் கையிலேயே உள்ளன. காதில் பஞ்சு வைத்து, விரல்களைத் துணியால் கட்டிக்கொண்டு சட்டைப் பொத்தான் போட்டுப் பாருங்கள். முதுமையின் சிரமம் புரியும். ஆனால் அதோடு நின்றால் பரிதாபம்தான் மிஞ்சும். ஆகவே தூக்கவும் துடைக்கவும் கற்பதற்கு முன், எட்டயபுரத்துத் தெருக்களில் ஒரு மாலை நேரம் போய் உட்காருங்கள். தறி நெய்தவர், தீப்பெட்டி ஒட்டியவர், கரிசலில் பருத்தி எடுத்தவர் யாரிடமாவது அவர் கதையைக் கேளுங்கள். நோயாளியாகத் தெரிந்தவர் மனிதராகத் தெரிவார். “உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?” என்று அவரிடமே கேளுங்கள்.

முதுமையை நல்லவிதமாக எண்ணியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்ததாக, அமெரிக்காவின் பெக்கா லெவி 2002-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அந்த எண்ணத்தை வளர்ப்பதும் கெடுப்பதும் நம் நாக்கில் இருக்கிறது.

நம் ஊர் பாரதி 1921-ல் மறைந்தபோது அவருக்கு வயது 38. அன்று இந்தியரின் சராசரி ஆயுள் முப்பதைக்கூட எட்டவில்லை. இன்று எழுபதை ஒட்டி நிற்கிறது. பாடுபட்டுப் பெற்ற இந்த ஆண்டுகளைச் சுமை என்று சொல்லலாமா?

தோழர்களே, கரண்டியைப் பெரியவர் கையிலேயே கொடுப்போம். நடுங்கினால் மட்டும் நம் கை கீழே தாங்கி நிற்கட்டும்!