கோல் கம்பங்களுக்கு நடுவிலிருந்து தலைமைப் பயிற்சியாளர் வரை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புல்தரை ஹாக்கி பெண்களின் ஆட்டம். ஆண்களுக்கு அங்கே அதிகாரபூர்வமான கல்லூரி அணிகளே கிடையாது. என்.சி.ஏ.ஏ. என்னும் தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் முதல் பிரிவில் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்ட மகளிர் ஹாக்கி அணிகள் இருக்கின்றன. நம் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் ஒருவரே கபடி முதல் கேரம் வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். அங்கே ஹாக்கிக்கென்றே ஒரு தலைமைப் பயிற்சியாளர், அவருக்குக் கீழே இரண்டு மூன்று உதவியாளர்கள். சம்பளம், ஒப்பந்தம், தோற்றால் வேலை போகும் அபாயம் எல்லாம் சேர்ந்த முழுநேர உத்தியோகம் அது. அந்த நாற்காலிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நடுக்களத்திலோ முன்வரிசையிலோ ஆடியவர்கள். கோல்கீப்பராக இருந்து வருகிறவர்கள் குறைவு. அவர்கள் வரும் வழியும் கொஞ்சம் வேறு.

இந்த ஆட்டத்தை அமெரிக்காவில் வேரூன்ற வைத்தவர் கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ என்ற ஆங்கிலேயப் பெண். 1901இல் ஹார்வர்டில் நடந்த கோடைக்கால வகுப்பில் முதன்முதலாக ஆடிக் காட்டினார். அதன்பின் கிழக்குக் கடற்கரையின் மகளிர் கல்லூரிகளுக்குச் சென்று கற்றுக்கொடுத்தார். பிரின் மார் கல்லூரியில் பல ஆண்டுகள் பணியாற்றினார். 107 வயது வரை வாழ்ந்து 1981இல் இறந்தார். என்.சி.ஏ.ஏ. மகளிர் ஹாக்கிக்கு முதல் தேசியப் போட்டி நடத்தியதும் அதே ஆண்டில்தான். அந்தக் கோப்பையை வென்றது கனெக்டிகட் பல்கலைக்கழகம்.

ஆப்பிள்பீ ஆடிக் காட்டியதற்கும் அந்த முதல் தேசியப் போட்டிக்கும் இடையே 1972இல் ‘டைட்டில் நைன்’ சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்கள் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். மகளிர் அணிகளுக்கு மைதானமும் நிதியும் உதவித்தொகையும் கிடைத்தன. சம்பளம் கூடியதும் அந்த வேலைகளுக்கு ஆண்களும் போட்டியிட்டார்கள். சட்டம் வந்தபோது மகளிர் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். இன்று பாதிக்கும் குறைவு. பெண்கள் தலைமை தாங்கும் வழக்கம் பெரிய அளவில் நிலைத்திருக்கும் ஒருசில ஆட்டங்களில் ஹாக்கியும் ஒன்று.

அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர்களின் ஒரு தலைமுறையே 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் அணியிலிருந்து வந்தது என்று சொல்லலாம். ஆறு நாடுகள் ஒன்றோடொன்று மோதிய அந்தப் போட்டியில் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் புள்ளியிலும் கோல் கணக்கிலும் சமமாக நின்றன. வெண்கலம் யாருக்கு என்பதை பெனால்டி ஸ்ட்ரோக்கில் முடிவு செய்தார்கள். அமெரிக்கா 10-5 என்று வென்றது. அணியின் கோல்கீப்பர் குவென் சீஸ்மன். அதே அணியில் ஆடிய பெத் ஆண்டர்ஸ் ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்துக்கு 9 தேசியக் கோப்பைகளும், கேரன் ஷெல்டன் வட கரோலினாவுக்கு 10 கோப்பைகளும் பெற்றுத் தந்தார்கள். சார்லின் மோரெட் பென் ஸ்டேட் அணியை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். இந்த மூவருமே களத்தில் ஓடி ஆடியவர்கள். பதக்கத்தைக் காப்பாற்றுவது கோல்கீப்பர் கையில் இருந்தாலும், பயிற்சியாளரைத் தேடும்போது பல்கலைக்கழகங்களின் கண் முதலில் போவது ஓடி ஆடியவர்கள் மேல்தான்.

கோல்கீப்பர் செய்யும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்தப் பழக்கம் சற்று விசித்திரமாகத் தோன்றும். கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். அதன் முன்னே 14.63 மீட்டர் தூரத்தில் வளையும் வட்டத்துக்குள் மட்டும் அவர் காலாலும் உடம்பாலும் பந்தைத் தடுக்கலாம். அதைத் தாண்டி வந்தால் ஸ்டிக் ஒன்றுதான். ஹெல்மெட், தொண்டைக் காப்பு, மார்புக் கவசம், கைகளில் பட்டையான காப்பு, கால்களில் பேடு, ஷூவின் மேல் கிக்கர். பேடின் அகலம் 30 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. இத்தனையும் மாட்டிக்கொண்டு, நனைந்து வழுக்கும் செயற்கைப் புல்தரையில் பக்கவாட்டில் பாயவும் வேண்டும், உடனே எழவும் வேண்டும்.

பெனால்டி கார்னர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோல் கோட்டுக்குப் பின்னால் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் நிற்கலாம். மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி பின்கோட்டிலிருந்து பந்து தள்ளிவிடப்படும். அது வட்டத்தை விட்டு வெளியே போன பிறகுதான் கோலை நோக்கி அடிக்க முடியும். அடிப்பவர் ஓங்கி அடித்தால் முதல் அடி 46 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பி கோலுக்குள் போகக்கூடாது. பந்தை ஸ்டிக்கால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் என்றால் அந்த உயர வரம்பு கிடையாது. ஆகவே பந்து நகரும் முன்பே கோல்கீப்பர் எதிரணியின் அணிவகுப்பைப் படித்தாக வேண்டும். வட்டத்தின் விளிம்பில் ஃபிளிக் அடிப்பவர் நிற்கிறாரா, பந்தை நிறுத்துபவருக்குப் பின்னால் எத்தனை பேர், பக்கவாட்டில் ஒருத்தி நழுவுகிறாளா என்று பார்த்து, யார் முதலில் பாய்ந்து ஓட வேண்டும், யார் இடது கம்பத்தைக் காக்க வேண்டும் என்று குரல் கொடுக்கிறார். பந்து கிளம்பியதும் நாலடி முன்னே வருகிறார். முன்னே வர வர அடிப்பவருக்குக் கோல் சிறுத்துத் தெரியும். அடி வாங்கிய பந்து மறுபடி நடுவில் விழுந்தால் அடுத்த அடி நிச்சயம். அதனால் கிக்கரைச் சற்றுத் திருப்பி ஓரமாகத் தட்டிவிட வேண்டும். இவ்வளவும் ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும்.

ஆட்டத்தின் மற்ற நேரங்களிலும் முழு மைதானமும் ஒரே பக்கமாகத் தெரிவது கோல்கீப்பருக்குத்தான். பின்களத்தில் நிற்பவருக்குத் தன் முதுகுக்குப் பின்னால் ஓடி வருபவர் தெரியாது. அவரைப் பெயர் சொல்லி அழைத்து இரண்டடி உள்ளே வரச் சொல்வதும், வலப்பக்கம் காலியாக இருப்பதைச் சொல்வதும் கோல்கீப்பரின் பொறுப்பு. நல்ல கோல்கீப்பருக்கு ஆட்டம் முடியும்போது தொண்டை கட்டியிருக்கும். இப்படிப் பார்த்து, முன்கூட்டியே ஊகித்துச் சொல்வது பயிற்சியாளர் செய்யும் வேலையின் பெரும்பங்கு. இருபது வயதில் அதைச் செய்து பழகியவர்கள் பின்னாளில் பக்கக் கோட்டருகே நிற்கும்போது புதிதாகப் பழக வேண்டியது குறைவு.

இன்னொரு விஷயம், காத்திருப்பு. ஓர் அணியில் இரண்டு மூன்று கோல்கீப்பர்கள் இருப்பார்கள், ஆடுவது ஒருவர். முன்வரிசையிலும் நடுக்களத்திலும் ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கோல்கீப்பரை மாற்றுவது அரிது. நான்கு ஆண்டு படிப்பில் மூன்றை பெஞ்சிலேயே கழித்த மாணவிகள் உண்டு. பயிற்சியிலும் அவர்கள் ஒதுங்கித்தான் நிற்கிறார்கள்: மற்றவர்கள் பந்து கடத்தப் பழகும்போது இவர்கள் ஓர் ஓரத்தில், பெரும்பாலும் ஓர் உதவிப் பயிற்சியாளரோடு, ஒருவருக்கொருவர் பந்தடித்துக்கொண்டிருப்பார்கள். மூத்த கோல்கீப்பர் இளையவளுக்குச் சொல்லிக்கொடுப்பது அங்கே தானாகவே நடக்கிறது. இந்தத் தொழிலின் முதல் பாடம் பலருக்கு அந்த ஓரத்தில் கிடைத்ததுதான்.

பட்டம் வாங்கியதும் கதவு திறப்பதும் அந்த வழியில்தான். ஏறக்குறைய எந்த அணிக்கும் கோல்கீப்பர்களைத் தனியே கவனிக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. ஓடி ஆடியவர்களால் அதைச் சரியாகச் செய்ய முடிவதில்லை. ஆகவே முன்னாள் கோல்கீப்பருக்கு முதல் வேலை சுலபமாகக் கிடைத்துவிடும், சம்பளம்தான் கிடைக்காது. முதல் பிரிவில் 2023 வரை ‘தன்னார்வப் பயிற்சியாளர்’ என்று ஊதியமில்லாத பதவியே இருந்தது. அதன்பின்தான் அதை எடுத்தார்கள். முதுகலைப் படிப்புக் கட்டணத்துக்கு ஈடாக வேலை பார்க்கும் உதவியாளர் பதவி இன்னொரு படி. வேலை என்றால் கோல்கீப்பர் பயிற்சி மட்டுமல்ல. எதிரணியின் ஆட்டப் பதிவுகளை வெட்டித் தொகுப்பது, பேருந்தும் சாப்பாடும் ஏற்பாடு செய்வது, கோடையில் பள்ளி மாணவிகளுக்கு முகாம் நடத்துவது என்று எல்லாம் இளையவர் தலையில்தான் விழும்.

சுலபமாகத் திறந்த அந்தக் கதவே பிறகு தடையாகவும் ஆகிவிடுகிறது. ‘கோல்கீப்பர் கோச்’ என்ற முத்திரை விழுந்தால் அழிப்பது கடினம். தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு நேர்காணல் நடத்துகிறவர்கள் கேட்பது தாக்குதல் ஆட்டத்தைப் பற்றி: எதிரணியை அவர்கள் பாதியிலேயே எப்படி நெருக்குவீர்கள், பின்களத்திலிருந்து பந்தை எப்படி வெளியே கொண்டுவருவீர்கள், உங்கள் பெனால்டி கார்னரில் என்ன வகை? டிராக் ஃபிளிக்கைத் தடுத்துப் பழகியவருக்கு அதை அடிக்கச் சொல்லித்தரத் தெரியுமா என்ற சந்தேகம் நியாயமானதும்கூட. இதைத் தாண்ட விரும்புகிறவர்கள் வேண்டுமென்றே கோல்கீப்பர் பொறுப்பை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, நடுக்களத்தையோ கார்னர் தாக்குதலையோ கேட்டு வாங்குகிறார்கள். இரண்டு மூன்று தலைமைப் பயிற்சியாளர்களிடம் வேலை பார்த்து, அவரவர் பாணியைக் கற்கிறார்கள். உதவிப் பயிற்சியாளர், இணைத் தலைமைப் பயிற்சியாளர் என்று ஏறுவதற்குள் பத்து ஆண்டுகள் போய்விடுவது சாதாரணம்.

தலைமைப் பொறுப்பு வந்ததும் மைதானத்தில் செலவிடும் நேரம் குறைகிறது. போட்டிக் காலத்தில் மாணவிகளை வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சியில் ஈடுபடுத்த விதி இடம் கொடுக்காது. பயிற்சியாளரின் வேலைநேரத்துக்கோ அப்படி எந்த வரம்பும் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பரில் தேசியப் போட்டியோடு முடியும் காலம் போக, மீதி மாதங்கள் ஆள் சேர்ப்பதில் கரைகின்றன. பள்ளி மாணவிகளோடு நேரடியாகப் பேச்சுத் தொடங்க, அவர்கள் பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் 15 வரை பொறுத்திருக்க வேண்டும். உதவித்தொகையைப் பங்கிடுவது தனி வித்தை. நெடுங்காலமாக ஓர் அணிக்கு 12 முழு உதவித்தொகைகள்தான் அனுமதி. அதைத்தான் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அரை, கால் என்று பிரித்துக் கொடுத்தார்கள். 2025இல் வந்த நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் உதவித்தொகைக்கு இருந்த வரம்பு நீங்கி, அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்திருக்கிறது. மூன்றாவது கோல்கீப்பருக்கு இடம் உண்டா என்ற கேள்வி அதனால் இன்னும் நெருக்கடியாகிறது.

ஏறிவந்தவர்களில் நன்கு தெரிந்த பெயர் ஜஸ்டின் சௌரி. ஆஸ்திரேலிய தேசிய அணியின் முன்னாள் கோல்கீப்பரான அவர் 2011இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் பல்கலைக்கழக அணிக்குப் பொறுப்பேற்றார். கோவிட் காரணமாகத் தள்ளிப்போய் 2021 வசந்தத்தில் முடிந்த பருவத்தில் அவரது அணி தேசியப் போட்டியின் அரையிறுதி வரை வந்தது. இதற்கு நேரெதிர், வட கரோலினாவின் எரின் மேட்சன். முன்வரிசை நட்சத்திரமான அவர் மாணவியாக நான்கு தேசியக் கோப்பைகள் வென்ற கையோடு, 2023 தொடக்கத்தில் 22 வயதில் ஷெல்டனின் இடத்துக்கு வந்தார். உதவிப் பயிற்சியாளராக ஒரு நாள்கூட இருந்ததில்லை. அந்த ஆண்டே கோப்பையையும் வென்றார். ஒரு கோல்கீப்பருக்கு இப்படி ஒரு வாய்ப்பு அங்கே கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்தியாவில் அது கிடைத்தது, கல்லூரி மட்டத்தில் அல்ல என்றாலும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று ஓய்வுபெற்ற கேரளத்து கோல்கீப்பர் பி.ஆர். ஸ்ரீஜேஷ் உடனே இளையோர் ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அந்த ஆண்டு முடிவதற்குள் இளையோர் ஆசியக் கோப்பை வந்தது. 2025 இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் உலகக் கோப்பையில், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கிய அவரது அணி, கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல் போட்டு வென்றது.

கோல்கீப்பராக இருந்த பயிற்சியாளருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கைகொடுக்கும் கட்டம் ஷூட்அவுட். 2023 கல்லூரி இறுதி ஆட்டமே வட கரோலினாவுக்கும் நார்த்வெஸ்டர்னுக்கும் இடையே 1-1 என்று நின்று, கூடுதல் நேரமும் தீர்ந்து, ஷூட்அவுட்டில்தான் முடிந்தது. 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு கிளம்பி கோல்கீப்பரைத் தனியே எதிர்கொள்பவருக்கு 8 நொடி. கோல்கீப்பர் எவ்வளவு தூரம் முன்னே வருவது, எப்போது படுப்பது, எந்தக் கைப்பக்கம் தள்ளிக்கொண்டுபோய் நேரத்தைத் தின்ன வைப்பது என்பதெல்லாம் அனுபவித்தவருக்குச் சட்டென்று பிடிபடும். சில அணிகள் ஆட்டம் முழுக்க நின்ற கோல்கீப்பரை எடுத்துவிட்டு, ஷூட்அவுட்டுக்கென்றே பழகிய இரண்டாமவரை இறக்குகின்றன. அதுவரை பெஞ்சில் உடம்பு ஆறிப்போய் உட்கார்ந்திருந்தவரை எப்போது எழுப்பி சூடேற்றச் சொல்வது என்பதை, பெஞ்சில் இருந்து பார்த்தவர் முதல் கூடுதல் நேரத்திலேயே முடிவு செய்துவிடுவார்.