மழலையில் மறைந்த நபிமகனார் இப்ராஹீம் (ரலி) அவர்களின் வமிச வழி



குடும்ப வமிசத்தை எழுதி வைக்கும்போது, பால்குடிப் பருவத்திலேயே மரணித்த குழந்தையின் பெயரை நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். வாழாத பிள்ளைக்கு வமிசம் எதற்கு என்று எண்ணுகிறோம். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் (ரலி) அவர்களின் வரலாறு இவ்வெண்ணத்தைத் திருத்துகிறது.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் அக்குழந்தை பிறந்தபோது, தம் மூதாதையான நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரைச் சூட்டியதாக நபியவர்கள் தோழர்களிடம் அறிவித்தார்கள்.

தந்தை வழியைப் பாருங்கள். நபியவர்களின் தந்தை அப்துல்லாஹ், பாட்டனார் அப்துல் முத்தலிப், அவர் தந்தை ஹாஷிம் என மேலேறி 21ஆம் தலைமுறையில் அத்னானை அடைகிறது. அதுவரை வமிச நூலாசிரியர்களிடையே கருத்து வேறுபாடில்லை. அத்னான் நபி இஸ்மாயீல் (அலை) அவர்களின் வழித்தோன்றல். அந்த இஸ்மாயீல் (அலை) அவர்களின் அன்னை ஹாஜர் எகிப்து நாட்டவர்.

தாய் வழியோ நேராக எகிப்துக்கே செல்கிறது. அன்னை மாரியா (ரலி) அவர்கள் கிப்தி இனத்தவர். ஷம்ஊன் என்பவரின் மகளார். எகிப்தின் ஆட்சியாளர் முகவ்கிஸ், அவரையும் சகோதரி சீரீனையும் மதீனாவுக்கு அனுப்பி வைத்தார். சீரீனுக்கும் கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கும் பிறந்த அப்துர் ரஹ்மான், இப்ராஹீமுக்குத் தாயின் சகோதரி மகனாவார்.

எகிப்து மக்களிடம் நல்லவிதமாக நடந்துகொள்ளுங்கள், அவர்களுடன் உறவு உண்டு என்று நபியவர்கள் உபதேசித்தார்கள். அவ்வுறவு ஹாஜர், மாரியா ஆகிய இருவர் வழி வந்தது என அறிஞர்கள் விளக்குகின்றனர்.

பால்குடி மறக்கும் முன்பே, ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் இப்ராஹீம் மறைந்தார். ஜன்னத்துல் பகீஇல் அடக்கப்பட்டார். நபியவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. அன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அம்மரணமே காரணம் என மக்கள் பேசியதை, எவருடைய இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று கூறி நபியவர்கள் மறுத்தார்கள்.

சகோதரர்களே! இது வெறும் வரலாறன்று. தந்தை இறந்தபின் பிறந்து, அழுது, சிறிது நேரமே வாழ்ந்த சிசுவும் அத்தந்தையின் வாரிசே. அதற்குப் பெயரும் குளிப்பாட்டலும் ஜனாஸாத் தொழுகையும் உண்டு. அதன் சொத்துப் பங்கு, தாய் முதலான அதன் வாரிசுகளைச் சேரும். அச்சிசுவைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், ஒரு விதவைத் தாயின் உரிமை பறிபோகும்.

ஆகவே மறைந்த மழலைகளின் பெயரையும் பெற்றோர் பெயரையும் பிறந்த நாளையும் மறைந்த நாளையும் எழுதி வையுங்கள். இரத்த உறவையும் உரிமையையும் பேணி வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.