முதியோரும் கைபேசிப் புகைப்படமும்

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளையும் பதிவேடுகளையும் பார்வையிடுவது நமது தொழில். அதன் நிமித்தம் சென்ற கார்த்திகை மாதத்தில் கண்டரமாணிக்கம் சென்றிருந்தோம். சிவகங்கை மாவட்டத்தில், மாணிக்க நாச்சியம்மன் கோயிலாலும் செட்டிநாட்டுப் பெருவீடுகளாலும் பெயர் பெற்ற ஊர் அது. வேலை முடிந்து புறப்படும் நேரத்தில், அறுபத்தெட்டு வயதுடைய அங்கத்தினர் ஒருவர் தமது கைபேசியை நம்மிடம் நீட்டினார்.

"தம்பி, நெல்லில் புள்ளி விழுந்திருக்கிறது. படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார் வேளாண்மை அலுவலர். மூன்று நாளாக அனுப்புகிறேன். படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்கிறார்."

படங்களைப் பார்த்தோம். ஒன்றில் பெரியவரின் கட்டை விரலே பாதி இடத்தை அடைத்திருந்தது. மற்றொன்றில் வெளுத்த ஆகாயமும், அதன் கீழே கரிய நிழலாகச் சில தாள்களும் இருந்தன. எஞ்சியவை யாவும் கலங்கிய கண்மாய் நீரை ஒத்திருந்தன. அவருடைய பேரனுக்கு இதெல்லாம் எளிது. ஆனால் அவன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான்; பொங்கலுக்குத்தான் ஊர் வருவான்.

நெல்லில் விழும் புள்ளிகள் எல்லாம் ஒரே நோயல்ல என்பதை உழவர்கள் அறிவர். குலை நோயின் புள்ளி கண் வடிவில் இரு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் கொண்டிருக்கும். பழுப்புப் புள்ளி நோயோ எள்ளை இறைத்தாற்போல் சிறு சிறு புள்ளிகளாகப் பரவும். பின்னது சத்துக் குறைந்த நிலத்தில் வலுப்பது. முன்னதோ தழைச்சத்து மிகுந்தால் வலுப்பது. பெரியவரின் வயலில் கண்டது குலை நோய். அது தெரியாமல், பயிருக்குச் சத்துப் போதவில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவர் யூரியா இட்டுவிட்டார். அலுவலர் நேரில் வந்து பார்ப்பதற்குள் அரை ஏக்கர் கதிர் பதராயிற்று. தெளிவான ஒரு படம் அந்த அரை ஏக்கரைக் காத்திருக்கக்கூடும்.

இது உழவர்க்கு மட்டும் உரிய சங்கடம் அன்று. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இன்று தொலைவில் உள்ள ஒருவர் அச்சேலையை முதலில் காண்பது கடையில் அன்று, கைபேசியின் கண்ணாடியில். நாம் பார்வையிட்ட ஒரு சங்கத்தில், அரக்கு நிறச் சேலையைக் குழல் விளக்கின் கீழ் படம் எடுத்து அனுப்ப, அது வேறு சிவப்பாகத் தோன்றி, வாங்கியவர் திருப்பி அனுப்பிவிட்டார். நெய்த கையில் குறையில்லை, படத்தில்தான் குறை.

இனி இத்தேவை பெருகவே செய்யும். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், மாநில அரசு அறிவிக்கும் மாவட்டங்களில் வனவிலங்குகளால் நேரும் பயிர்ச்சேதமும் 2026 காரீப் பருவம் முதல் சேர்க்கப்படும் என மத்திய வேளாண் அமைச்சு 2025 நவம்பரில் அறிவித்தது. சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள், எடுத்த இடம் பதிவான புகைப்படங்களுடன் காப்பீட்டுச் செயலி வழியே தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. பன்றி வயலில் புகுவதற்குப் பேரன் ஊரில் இருக்கும் நாளைப் பார்ப்பதில்லை.

"இந்த வயதில் இதெல்லாம் வருமா?" என்று அங்கத்தினர் பலர் கேட்கின்றனர். வரும் என்பதற்கு அண்டை மாநிலமே சான்று. திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை என்னும் பஞ்சாயத்தில் தொடங்கிய கைபேசிப் பயிற்சி கேரளம் எங்கும் பரவி, ஏறத்தாழ 21.87 லட்சம் பேர் அதில் தேறினர். அவர்களுள் தொண்ணூறு வயதைக் கடந்தோர் மட்டும் 15,000-க்கு மேல். 2025 ஆகஸ்டில் அம்மாநிலம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஜப்பானில் கிமிகோ நிஷிமோட்டோ என்ற அம்மையார் தமது 72-ஆம் வயதில், மகன் நடத்திய புகைப்பட வகுப்பில் மாணவியாகச் சேர்ந்தார். தம்மையே வேடிக்கையாக எடுத்துக்கொண்ட படங்களால் உலகப் புகழ் பெற்று, 2025-இல் 97-ஆம் வயதில் காலமானார்.

நமது வட்டாரத்துக்கும் இக்கலையில் பழைய உறவு உண்டு. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ.கே. செட்டியார், டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் சென்று புகைப்படக் கலை பயின்றார். 1940-இல் மகாத்மா காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டார். அன்று கடல் கடந்து கற்க வேண்டியிருந்ததன் முதற்பாடங்களை இன்று திண்ணையில் அமர்ந்தே கற்கலாம்.

அவ்விதமே மார்கழியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கண்டரமாணிக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். பெரியவரோடு வேறு சிலரும் வந்தனர். ஒரு நேரத்துக்கு ஒரு பாடம். அதை ஒவ்வொருவரும் தம் கையால் பத்து முறை செய்து பார்ப்பது. பிறகு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வது. இதுவே முறை. அங்கே பயன்பட்டவற்றை அங்கத்தினர் அனைவருக்கும் இங்கே தருகிறோம்.

முதலாவது, கைபேசியின் பின்புறத்துக் கண்ணாடிக் கண்ணைத் துடைக்க வேண்டும். மடியிலும் பையிலும் கிடந்து வியர்வையும் எண்ணெயும் படிந்திருக்கும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தாலே பாதிக் கலக்கம் தீரும்.

இரண்டாவது, ஒளி. சூரியன் நம் முதுகுப்புறம் இருத்தல் நன்று. வயலுக்குக் காலை வெயிலும் மாலை வெயிலும் ஏற்றவை. சேலைக்கோ நேர் வெயில் ஆகாது. செட்டிநாட்டு வீட்டு முற்றத்தின் ஓரத்தில், வானத்து ஒளி விழும் நிழலில் சேலையை விரித்து, மின்விளக்குகளை அணைத்துவிட்டு எடுத்தால் நிறம் பெரிதும் மாறாது. எடுத்த படத்தையும் சேலையையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அனுப்புக. அழகூட்டும் வசதிகளைப் பயன்படுத்தலாகாது. நிறத்தைக் கூட்டிக் காட்டுவது வாங்குபவரை ஏமாற்றுவதே ஆகும்.

மூன்றாவது, கை நடுக்கம். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, சுவரிலோ மரத்திலோ சாய்ந்து நின்று, மூச்சை ஒரு கணம் நிறுத்தி எடுக்க வேண்டும். உழைத்துக் காய்த்த விரலைத் தொடுதிரை சில வேளை உணர்வதில்லை. காய்ந்து தடித்த தோல் மின்னூட்டத்தை எளிதில் கடத்தாததே காரணம். கைபேசியில் குற்றமில்லை, விரலிலும் குற்றமில்லை. விரல் நுனியைச் சிறிது ஈரமாக்கித் துடைத்துக்கொள்ளலாம். பல கைபேசிகளில் பக்கவாட்டில் உள்ள ஒலிப் பொத்தானை அழுத்தினாலும் படம் விழும்.

நான்காவது, எதைக் காட்ட விரும்புகிறோமோ அதைத் திரையில் ஒரு முறை தொட வேண்டும், அப்பகுதி தெளிவடையும். விரல்களால் விரித்துப் பெரிதாக்காமல் அருகே செல்க. மிக அருகே சென்றாலும் கலங்கும். ஒரு சாண் தொலைவு போதும்.

ஐந்தாவது, ஒரு பொருளுக்கு மூன்று படம். வயல் முழுவதும் ஒன்று, ஒரு தூர் ஒன்று, நோயுற்ற இலை ஒன்று. அளவு தெரிய இலையின் அருகே ஒரு நாணயம். அதுபோலவே சேலை முழுவதும் ஒன்று, கரை ஒன்று, முந்தானை ஒன்று. பயிர்ச்சேதத்துக்கு எடுக்கும்போது இடத்தைப் பதியும் வசதி இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஆதார் அட்டை, வங்கி அட்டை, கைபேசிக்கு வரும் இரகசிய எண் ஆகியவற்றைப் படம் எடுத்து முகம் தெரியாதவர்க்கு அனுப்பலாகாது. ஏமாற்றப்பட்டால் தாமதியாது 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். "கொடுங்கள் தாத்தா, நான் எடுத்துத் தருகிறேன்" என்று கைபேசியை வாங்கிக்கொள்வது அன்பினால்தான். ஆயினும் அந்த அன்பினால் முதியவர் ஒன்றும் கற்பதில்லை. அடுத்த முறையும் உங்களுக்காகக் காத்திருப்பார். கைபேசி அவர் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லுங்கள். தறியில் அவர் உங்களுக்குச் சொல்லித் தந்தபோது உங்கள் கையைப் பொறுத்திருந்தாரே, அந்தப் பொறுமையைத் திருப்பிக் கொடுங்கள்.

பயிரின் மாற்றத்தையும் இழையின் குறையையும் பிறர்க்கு முன்னே காணும் கண் முதியோர்க்கே உண்டு. பெரியவரின் வயலில் நோயை முதலில் கண்டவர் அலுவலர் அல்லர், பேரனும் அல்லன், அவரே. கண்டதைப் பிறர்க்குக் காட்டும் வழிதான் அவரிடம் இல்லாதிருந்தது. மாசி மாதத்தில் அவரிடமிருந்து நமக்கு மூன்று படங்கள் வந்தன. உளுந்து இலையில் மஞ்சள் தேமல், நரம்புகூடத் தெரியும்படி இருந்தது. அருகே ஒரு ஐந்து ரூபாய் நாணயம். வேளாண்மை அலுவலருக்கும் அனுப்பி, நோயைப் பரப்பும் வெள்ளை ஈயை ஒடுக்கும் வழியை அன்றே கேட்டறிந்துவிட்டாராம். "பேரன் வந்திருக்கிறானா?" என்று கேட்டோம். "அவன் எதற்கு?" என்றார்.

அங்கத்தினர்க்குக் கல்வியும் பயிற்சியும் அளித்தல், அகில உலகக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995-இல் வகுத்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது. அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், ஒரு திண்ணை, கற்பிக்கப் பொறுமையுள்ள ஒருவர், இவை போதும். நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே இதைச் சேர்த்து, அடுத்த சாகுபடிக்கு முன் வகுப்பைத் தொடங்கிவிடுவார்களாக. வகுப்பு நடக்கும் நாளில் நம்மை அழைத்தால், உடன் அமர்ந்து கற்பிக்க நாமும் வருகிறோம்.