கணிப்பொறியை எழுப்புவது எது?

கணிப்பொறியின் விசையை அழுத்தியதும் அதன் முதன்மை நினைவகத்தில் எதுவும் இராது. அப்படியானால் அதை எழுப்புவது எது? தாய்ப்பலகையிலுள்ள சிறு சில்லில் பதிந்திருக்கும் 'ஃபர்ம்வேர்' என்னும் நிரலே. நினைவகத்தையும் பிற உறுப்புகளையும் ஆயத்தப்படுத்திவிட்டு, பிறகே அது இயக்க அமைப்பை அழைக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஓடுவதால், இதனுள் தீய கட்டளை புகுந்துவிட்டால் பின்னால் வரும் காவல் நிரல்களால் அதைக் கண்டுபிடிப்பது கடினம். ஆயினும் சில்லுத் தயாரிப்பாளர்கள் இதன் முக்கியப் பகுதிகளை நெடுங்காலம் மூடியே வைத்திருந்தனர். 2023இல் அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம் 'ஓப்பன்சில்' என்ற தொடக்க நிரலைச் சோதனை வடிவில் யாவரும் படிக்குமாறு வெளியிட்டது. சில்லினுள் அமைந்த பாதுகாப்புச் செயலியின் நிரல் அதில் அடங்கவில்லை.

பிறர் சோதித்துப் பார்த்த முடிவையே அறிவியல் ஏற்கிறது, மாணவர்களே! நிரலுக்கும் அதுவே உரைகல்.