சாவு வீட்டுச் சட்டி, கோட்டு சூட்டு, எலெக்ட்ரிக் கிடார்!

19 பேர் கோஷ்டி பாட்டுப் படித்த இடங்கள்

பாளையம்பட்டி:

"பேண்டு" என்றால் நம்ம பக்கம் என்ன அர்த்தம்? கல்யாண ஊர்வலம்! சிவப்புச் சட்டை, தோளில் குஞ்சம், கிளாரினெட், டிரம்பெட், பின்னால் ஒரு பெரிய டிரம். மாப்பிள்ளை கார் நகராது. பின்னால் மதுரை பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்து போகும்.

பாளையம்பட்டியில் கேட்டாலும் சரி, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் கேட்டாலும் சரி, இதுதான் பேண்டு. பங்குனிப் பொங்கல் என்றால் நையாண்டி மேளம். நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி. துஷ்டி வீடு என்றால் தப்பு. எந்த வீட்டுக்கு எது வரும், அதை யார் அடிப்பார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியது இல்லை.

"ராக்" பேண்டு வேறு சமாசாரம். முடி வளர்த்த காலேஜ் பையன்கள். எலெக்ட்ரிக் கிடார். பாட்டு இங்கிலீஷில். இப்படித்தான் ரொம்ப நாள் நினைத்துக் கொண்டிருந்தோம்.

இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றிய கோஷ்டி ஒன்று சென்னையில் கிளம்பியது. பெயர் "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்". சாதி இல்லாதவர்களின் கூட்டு என்று தமிழில் சொல்லலாம். அயோத்திதாச பண்டிதர் (1845-1914) "சாதி இல்லாத தமிழர்" என்று எழுதிப் பேசினாரே, அதிலிருந்து எடுத்த பெயர்.

கோஷ்டியைக் கூட்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் "அட்டகத்தி", "மெட்ராஸ்", "கபாலி" படங்களின் டைரக்டர் பா. ரஞ்சித். இன்னொருவர் இசை அமைப்பாளர் டென்மா.

2018-ம் ஆண்டு ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. ஆயிரக்கணக்கில் கூட்டம். மேடையில் 19 பேர். எல்லாருக்கும் ஒரே மாதிரி கோட்டு சூட்டு! சாவு ஊர்வலத்தில் சட்டி அடிக்கும் பையன் கோட்டுப் போட்டு நின்றால் எப்படி இருக்கும்? அம்பேத்கர் படம் மாட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கோட்டின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியது இல்லை.

பாட்டு நன்றாக இருந்ததா இல்லையா என்பது அவரவர் காது. நமக்கு வேண்டியது வேறு. இந்த 19 பேரும் எங்கே பாட்டுப் படித்தார்கள்?

ஸ்கூல் எது?

பாட்டு வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சரளி வரிசை படித்துத்தான் மேடை ஏற வேண்டும் என்று இல்லை. வடசென்னைப் பையன்களுக்குத் திண்ணை வேறு. சாவு வீடு!

கானா என்பது அங்கே பிறந்த பாட்டு. ஒருவர் இறந்து போனால் பந்தல் போடுவார்கள். இறந்தவரின் கதையைப் பாட்டாகக் கட்டிப் பாடுவார்கள். சோகமும் வரும், கிண்டலும் வரும், தத்துவமும் வரும். காரியம் முடியும் நாளிலும் இரவு முழுக்கப் பாட்டு உண்டு.

ஆரம்பத்தில் வாத்தியம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. மேஜை, தகர டப்பா, தீப்பெட்டி, எது கையில் அகப்பட்டதோ அது. டோலக், புல்புல்தாரா எல்லாம் வசதிக்குத் தகுந்தபடி வந்து சேர்ந்தவை.

சினிமாக்காரர்கள் இதைச் சும்மா விடுவார்களா? 1990-களில் தேவா கானாவைப் பட்டிதொட்டி எங்கும் கொண்டு போய்ச் சேர்த்தார். 2006-ல் "சித்திரம் பேசுதடி" படத்தில் கானா உலகநாதன் பாட்டு வந்தது. 2012-ல் "அட்டகத்தி"யில் கானா பாலா வந்தார். நம்ம ஊர் டீக்கடை ஸ்பீக்கரும் அலறியது. ஆனால் பாட்டு ஊருக்கு ஊர் போன அளவுக்கு, பாடினவனுக்குப் பேர் வந்ததா என்றால் இல்லை. "அது சாவுப் பாட்டுப்பா" என்ற இளப்பம் அப்படியே நின்றது.

இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவர்கள்தான் கோஷ்டியின் பாடகர்கள் முத்து, பாலசந்தர், செல்லமுத்து.

மேஜையைத் தட்டிப் படித்தது வடசென்னையோடு நின்றதா? இங்கிலாந்தில் பீட்டில்ஸ் கோஷ்டிக்கு டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார், சின்ன வயதில் காச நோயால் ஆஸ்பத்திரியில் நெடுநாள் படுத்திருந்தவர். பொழுது போக அங்கே பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியக் கோஷ்டி வைத்திருந்தார்கள். ரிங்கோ கையில் கிடைத்தது என்ன? பருத்தி நூல் சுற்றும் பாபின்! அதை வைத்துக் கட்டில் பக்கத்து அலமாரியைத் தட்டினார். டிரம்ஸுக்குப் பிள்ளையார் சுழி அதுதான். அருப்புக்கோட்டை மில்லில் ஷிப்டு பார்க்கிறவர்களுக்கு பாபின் பற்றிச் சொல்லவா வேண்டும்!

ராயபுரத்துப் பெண்

19 பேரில் ஒரே ஒரு பெண் பாடகி. பெயர் இசைவாணி. ஊர் ராயபுரம். இவர் படித்த இடம் வீடு. அப்பா கீபோர்டு வாசிப்பவர். யாரிடமும் முறையாகப் படிக்காமல் தானாகவே கற்றவர். மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மேடையில் ஏற்றிப் பாட வைத்தார்.

அந்த பீட்டில்ஸில் இன்னொருவர் பால் மெக்கார்ட்னி. அவர் கதையும் இதே மாதிரிதான். அவர் அப்பா ஜிம், லிவர்பூலில் பருத்திக் கம்பெனி ஒன்றில் சேல்ஸ்மேன். சாயங்காலம் ஆனால் சொந்தமாக ஜாஸ் கோஷ்டி நடத்தியவர். பிறந்த நாளுக்கு மகனுக்கு ஒரு டிரம்பெட் வாங்கிக் கொடுத்தார். டிரம்பெட்டை வாயில் வைத்துக் கொண்டு பாட முடியாது என்று மகன் அதைக் கொடுத்து கிடாராக மாற்றிக் கொண்டார்!

பால் மெக்கார்ட்னி பாடுவதற்கு லிவர்பூலில் யாரும் தடை சொல்லவில்லை. இசைவாணிக்கு அப்படி இல்லை. கானா ஆம்பளைகள் பாட்டு. "பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்பதுதான் வழக்கமான கேள்வி.

இதில் ஒரு வேடிக்கை. சாவு வீட்டில் பெண்கள் பாடுவதே இல்லையா? நம்ம ஊரில் ஒப்பாரி வைப்பது யார்? அத்தனையும் பெண்கள்! ஆளுக்குத் தகுந்த மாதிரி, உறவுக்குத் தகுந்த மாதிரி, அந்த நிமிஷத்திலேயே அடி கட்டிப் பாடுகிற கிழவிகள் நம்ம கரிசல் காட்டில் எத்தனை பேர்! வீட்டுக்குள்ளே அழுது பாடினால் சரி. வாசல் பந்தலில் மைக் பிடித்துப் பாடினால் தப்பு. இந்த வாசல்படியைத்தான் இசைவாணி தாண்டினார். பி.பி.சி. 2020-ல் வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. 2021-ல் "பிக் பாஸ்" டி.வி. நிகழ்ச்சியிலும் பார்த்திருப்பீர்கள்.

தோல் வாத்தியம் தனி ரகம்

சரத் கையில் சட்டி. கௌதம் கையில் கட்ட மோளம். தரணிக்கு டோலக். நந்தனுக்கு பறையும் தவிலும். மனு கிருஷ்ணன் டிரம்ஸ் செட். ஒரே மேடையில் இத்தனை அடி! கிடார் வாசித்த சாகிப் சிங் எப்படித் தாக்குப் பிடித்தாரோ.

சட்டி சின்னது. இரண்டு குச்சியால் அடிக்கும்போது சத்தம் பொறி பறக்கும். கட்ட மோளம் கட்டைக் குரல். ஒன்று கத்தும்போது மற்றது அதட்டும். வடசென்னைச் சாவு ஊர்வலத்தில் ஆட வைப்பது இந்த ஜோடிதான். பறையைத் தீயில் காட்டிக் காய்ச்சினால்தான் தோல் இறுகிக் கணீர் என்று பேசும். கால் மணி அடித்தால் மறுபடி தொய்யும். மறுபடி தீ மூட்ட வேண்டும். ஏ.சி. ஹாலில் இதை எங்கே வைத்துக் காய்ச்சுவது?

ராக் இசையில் டிரம்ஸ்காரர் ஒருத்தர். தாளம் முழுக்க அவர் பொறுப்பு. இங்கே ஐந்து பேர். ஐந்து பேரும் தெருவில் அடிக்கிற மாதிரி அடித்தால் மைக் செட்காரர் ஓடிப் போவார். யார் எங்கே அடிக்கணும் என்பதை விட யார் எங்கே கையை எடுக்கணும் என்பதுதான் பெரிய வேலை. தெருவில் பழகிய கைக்கு அது சுலபம் இல்லை.

அந்த வேலை டென்மா தலையில் விழுந்தது. அவர் ஏற்கனவே கபேர் வாசுகியுடன் சேர்ந்து "குரங்கன்" என்ற தமிழ் கோஷ்டி நடத்தியவர். சினிமாவை நம்பாமல் சொந்தமாகப் பாட்டுப் போட்டுப் பழகியவர். 2022-ல் ரஞ்சித்தின் "நட்சத்திரம் நகர்கிறது" படத்துக்கு இசை அமைத்தவரும் இவரே.

அடிக்கலாமா, கூடாதா?

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

நம்ம தென் மாவட்டங்களில் பறை அடிப்பது ஒரு கலை என்று யார் பார்த்தார்கள்? அடிமை வேலையாக வாங்கினார்கள். கூப்பிட்டால் வரணும். கொடுத்ததை வாங்கணும். "இனிமேல் உங்கள் துஷ்டிக்கு அடிக்க மாட்டோம்" என்று பறையைக் கீழே போட்ட ஊர்கள் உண்டு. அதற்காக அடியும் உதையும் பட்டவர்கள் உண்டு. அந்த வீட்டுப் பையனிடம் போய், "தம்பி, பறை நம் பண்பாடு" என்று சொன்னால் அவன் என்ன நினைப்பான்?

இந்த கோஷ்டி வேறு பக்கமாகப் போனது. எதை வைத்து அவமானப்படுத்தினீர்களோ அதையே மேடை நடுவில் வைக்கிறோம் என்றது. பாட்டின் விஷயமும் அப்படித்தான். இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, வடசென்னை. காதல் தோல்விப் பாட்டை எதிர்பார்த்து வந்தவர்கள் முழித்தார்கள்.

கீழே போட்டவர் சரியா, மேடையில் ஏற்றியவர் சரியா? நம் அபிப்பிராயம், முதலில் சொன்னவர்களால்தான் இரண்டாவது முடிந்தது. மாட்டேன் என்று சொல்ல முடிகிறவன் அடிக்கும்போதுதான் அதற்குப் பெயர் கலை. மற்றபடி அது வேலை ஏவல்.

நம்ம பக்கமும் காலம் சும்மா இல்லை. திண்டுக்கல்லில் சந்திரா நடத்தும் சக்தி கலைக்குழுவில் 1990-களிலிருந்தே பெண்கள் பறை அடிக்கிறார்கள். மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசான், சின்ன வயதில் சாவுக்கும் திருவிழாவுக்கும் அடித்துப் பழகியவர். 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ!

அரக்கோணத்து அறிவு

கடைசியாக ஒரு ஆள். சாவு வீடும் இல்லை, அப்பா கோஷ்டியும் இல்லை. அரக்கோணத்துக்காரர். பெயர் அறிவு. முழுப்பெயர் அறிவரசு கலைநேசன். இன்ஜினீயரிங் படித்தவர். கவிதை எழுதிக் கொண்டிருந்தவர். கோஷ்டியில் இவர் வேலை "ராப்". அதாவது ராகம் இல்லாமல் தாளத்தில் பேசுவது.

அது அமெரிக்கச் சரக்கு. நியூயார்க் பிராங்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்டில் கூல் ஹெர்க் என்ற வாலிபர் வைத்த பார்ட்டியில் பிறந்தது என்பார்கள். அங்கேயும் ஏழைக் கருப்பர்களின் பேட்டைதான். பணக்காரன் வீட்டு மாடியில் பிறக்கவில்லை. அதனால்தானோ என்னவோ கானாவுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்ததும் சட்டென்று ஒட்டிக் கொண்டது.

2018-ல் "காலா" படத்துக்குப் பாட்டு எழுதினார். 2021 மார்ச்சில் தீயுடன் சேர்ந்து பாடிய "எஞ்சாயி எஞ்சாமி" உலகம் முழுக்க ஓடியது. இசை சந்தோஷ் நாராயணன்.

பாட்டு ஓடிய அளவுக்குப் பாடியவர் முகம் தெரிந்ததா? அந்த ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகை அட்டையில் அந்தப் பாட்டைக் குறிப்பிட்டுப் படம் போட்டார்கள். தீ இருந்தார். வேறொரு பாடகர் இருந்தார். எழுதிப் பாடிய அறிவு இல்லை! ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார். ஊரெல்லாம் பேச்சானது. அப்புறம் அறிவு படத்தோடு இன்னொரு அட்டை வந்தது.

பணமாவது வந்ததா? 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே வாய் திறந்தார். அந்தப் பாட்டிலிருந்து இதுவரை தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்றார். கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டுக்கே இந்தக் கதி என்றால், துஷ்டி வீட்டில் விடிய விடியச் சட்டி அடிக்கிறவர் கூலிக்கு யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்?

அந்தப் பாட்டில் ஒப்பாரியின் சாயல் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் நம்ம சீமைக்கே வந்து சேருகிறது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய வம்சம். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கில் திரும்பி வந்தார்களே, அந்தக் கூட்டத்தோடு சேர்ந்த குடும்பம். பஞ்சத்துக்குப் பயந்து கண்டிச் சீமைக்குக் கப்பல் ஏறியவர்கள் பழைய ராமநாதபுரம் ஜில்லாவிலும் ஏராளம். திருச்சுழிப் பக்கம் வயதானவர்களிடம் கேட்டால் வீட்டுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

பாட்டி சொன்ன கதைகளும், இழுத்துப் பாடிய ஒப்பாரியும்தான் பேரனுக்குப் பாட்டுப் பாடம். 2024-ல் அறிவு தனியாக ஒரு ஆல்பம் போட்டார். அதற்கு வைத்த பெயர் "வள்ளியம்மா பேராண்டி".