துள்ளும் இளம் நாய் வீட்டுக்கு வருகிறதா? விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாய்க்கு நிரந்தர வீடு கிடைக்கும்வரை, சில வாரங்களோ மாதங்களோ அதை வீட்டில் வைத்துப் பராமரிக்க உங்கள் மகளோ பேரனோ முன்வந்திருக்கலாம். விண்ணப்பத்தில் கையெழுத்து அவர்களுடையது. காலையில் அவர்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு, மாலைவரை அந்த நாயுடன் இருக்கப்போவது நீங்கள். எனவே நாயைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் கருத்தையும் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

நாய் வீட்டில் இருப்பது நல்லதுதான். தினமும் கீழே இறங்கி நடக்க ஒரு காரணம் கிடைக்கும். அண்டை வீட்டாருடன் பேச்சு வளரும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பொறுப்பேற்கத் தயங்குபவர்களுக்குத் தற்காலிகப் பராமரிப்பு பொருத்தமான வழி. ஆனால் ஒரு வயது, ஒன்றரை வயது நாய்க்குத் தன் பலம் தெரியாது. பூனையைக் கண்டால் பாயும். மணி அடித்தால் வாசலுக்கு ஓடும். நீங்கள் நடக்கும்போது கால்களுக்கு இடையே புகும்.

அமெரிக்காவில் நாயைக் கயிற்றில் பிடித்து நடக்கும்போது எலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வந்த மூத்தோரைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே இத்தகைய முறிவுகள் 2004இல் சுமார் 1,700 என்றும், 2017இல் சுமார் 4,400 என்றும் அது மதிப்பிட்டது. நான்கில் மூவருக்கும் மேல் பெண்கள். அதிகம் முறிந்தது இடுப்பு எலும்பு. இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால், பலரால் மீண்டும் முன்போல் தனியாக நடமாட முடிவதில்லை.

எந்த நாய்?

ஒரு வீவக வீட்டில் ஒரு நாய் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். 2012இல் தொடங்கிய ‘அடோர்’ திட்டத்தின்கீழ், ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று அழைக்கப்படும் உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கும் அனுமதி உண்டு. அவற்றின் தோள்வரையிலான உயரம் 55 செண்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். எடைக்கு வரம்பு இல்லை. இங்கேதான் கவனம் தேவை. அந்த உயரமுள்ள நாய் 15 கிலோவுக்கு மேலும் இருக்கலாம். ஐந்து கிலோ அரிசிப் பைகள் மூன்று சேர்ந்து உங்களைத் திடீரென்று இழுப்பதாக நினைத்துப் பாருங்கள். விதி அனுமதிக்கும் நாய் எல்லாம் உங்கள் கைக்கு அடங்கும் நாய் ஆகிவிடாது. நாயை ஒருமுறை நீங்களே நடத்திப் பாருங்கள். சிரமமாக இருந்தால், வயதான, சாதுவான நாய் இருக்கிறதா என்று மீட்புக் குழுவிடம் கேளுங்கள். அப்படிப்பட்ட நாய்களுக்கும் வீடு தேவைப்படுகிறது. உரிமம், மருத்துவச் செலவு ஆகியவற்றை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

நடக்கும்போது

கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். நாய் பாய்ந்தால் கையை விடுவிக்க முடியாது. கையோடு உங்களையும் இழுத்துவிடும். நீண்டு சுருங்கும் கயிறு வேண்டாம். குட்டையான சாதாரணக் கயிறும், நெஞ்சுப் பக்கம் கொக்கி வைத்த உடற்பட்டையும் போதும். சிலிப்பர் போட்டு இறங்காதீர்கள். பின்பக்கம் மூடிய, வழுக்காத காலணி அணியுங்கள். கைத்தடியோடு நடப்பவர்கள் இளம் நாயை வெளியே அழைத்துச் செல்ல வேண்டாம். நீண்ட நடையை, வேலைக்குப் போவதற்கு முன்னும் பின்னும் இளையவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மின்தூக்கியில் நாயை உங்கள் காலோடு ஒட்டி நிறுத்துங்கள். கயிறு கதவில் சிக்கினால் பேராபத்து. உள்ளே நாய்க்குப் பயப்படுபவரோ, சமய வழக்கப்படி நாயைத் தொடாதவரோ இருந்தால் அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருப்பது நல்லது. வெயில் ஏறிய பிறகு நடைபாதை நாயின் பாதத்தைச் சுட்டுவிடும்; உங்களுக்கும் தலைசுற்றல் வரலாம். காலையிலேயே போய் வந்துவிடுங்கள்.

பகலில் நாய் துள்ளிக்கொண்டே இருந்தால், நடந்துதான் அதைக் களைப்பாக்க வேண்டும் என்பதில்லை. பழைய துண்டை விரித்து, நாய்த்தீனியைத் தூவி, சுருட்டிக் கொடுங்கள். மோப்பம் பிடித்துத் தேடித் தின்பதே அதற்கு நல்ல வேலை. நீங்கள் நாற்காலியில் அமர்ந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வீட்டுக்குள்

நாயின் படுக்கையும் தண்ணீர்க் கிண்ணமும் நீங்கள் கழிவறைக்குப் போகும் வழியில் இருக்கக்கூடாது. சிந்திய தண்ணீரை உடனே துடையுங்கள். கழுத்துப்பட்டையில் ஒரு சிறு மணி கட்டினால், அது பின்னால் வந்து நிற்பது காதில் விழும். காது சரியாகக் கேட்காதவர்கள் இரவு விளக்கைப் போட்டு வையுங்கள். சமையலறை வாசலில் குழந்தைகளுக்கான தடுப்புக் கதவு வைத்தால், கொதிக்கும் எண்ணெய் இருக்கும் இடத்துக்கு நாய் வராது.

தட்டில் மீந்த சாம்பார் சாதத்தை நாய்க்கு வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சமைத்த கோழி எலும்பும் ஆகாது. உங்கள் மாத்திரை கீழே விழுந்தால் உடனே தேடி எடுங்கள். பாரசிட்டமால்கூட நாய்க்கு விஷமாகலாம்.

கடித்தால், விழுந்தால்

சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை. ஆனாலும் சாதாரணக் கடி சீழ் பிடிக்கும். சோப்புப் போட்டு, குழாய் நீரில் ஐந்து நிமிடமாவது கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் கீறலைக்கூட அலட்சியப்படுத்த வேண்டாம். தசைவிறைப்பு ஜன்னிக்கான தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவேண்டும். உள்ளே கசியும் இரத்தம் பல மணி நேரம் அறிகுறி காட்டாமல் இருக்கலாம். இடுப்பு வலித்து எழ முடியாவிட்டால், நாய் எங்கே ஓடியது என்று பார்க்காமல் 995ஐ அழையுங்கள். அதற்காகவே, நாயுடன் வெளியே போகும்போது கைப்பேசி உங்கள் சட்டைப்பையிலோ இடுப்புப் பையிலோ இருக்கட்டும்.