ரிவால்வரின் குறியும் முக்கோணக் கணிதமும்

வகுப்பிற் கற்கும் வடிவொத்த முக்கோணங்கள் தேர்வுக்கன்றி வாழ்க்கைக்கு உதவா என்பார் உளர். ரிவால்வரின் குறியைத் திருத்தப் புகுவோன் அக்கணிதத்தை அறியாவிடின் நல்ல கருவியைக் கெடுத்துவிடுவான். அஃது எவ்வாறெனச் சிறிது ஆராய்வோம்.

ஒவ்வொரு முறையும் துப்பாக்கியின் குதிரையைப் பெருவிரலாற் பின்னிழுத்து நிறுத்திய பின்னரே விசையை அழுத்திச் சுடத்தக்க ரிவால்வரைச் 'சிங்கிள் ஆக்ஷன்' என்பர். 1873-இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் ரிவால்வர் இவ்வகையிற் புகழ்பெற்றது. அதன் குழல் நுனியில் நிற்கும் தகடு முன்குறி; சட்டத்தின் மேற்புறத்தில் வெட்டிய பள்ளம் பின்குறி. இரண்டும் அசையா, திருப்புதற்குத் திருகாணியும் இல்லை.

கீழப்பாவூர்க் குளக்கரையில் நின்று, கையை நீட்டிப் பெருவிரலால் அக்கரைப் பனையொன்றை மறைத்துப் பார்க்க. விரல் ஒரு நெல்லளவு நகரினும், பார்வைக்கோடு அக்கரையிற் பன்மடங்கு விலகிச் செல்லும். குறியின் இயல்பும் இதுவே. முன்குறி மிக உயர்ந்திருப்பின், அதன் நுனியைப் பள்ளத்தோடு மட்டமாக்கச் சுடுவோன் குழலின் நுனியைத் தாழ்த்த வேண்டும். ஆதலின் குண்டு தாழப் படும். தகட்டை அராவிக் குறைத்தால் குண்டு மேலேறும்.

எவ்வளவு அராவுவது? இரு குறிகளுக்கும் இடையே 15 செ.மீ., இலக்கின் தொலைவு 25 மீட்டர், குண்டு 10 செ.மீ. தாழப் படுகிறது என்று கொள்வோம். பிழையைக் குறிகளின் இடைவெளியாற் பெருக்கித் தொலைவால் வகுக்க, விடை 0.6 மில்லிமீட்டர். இத்துணைச் சிறு அளவில், கையடங்காது இருமுறை மிகுதியாக அராவினால் குண்டு இலக்கின் மேலே பறக்கும். அராவிய உலோகமோ மீண்டும் வளராது.

அரத்தைத் தொடுமுன் பிழை கருவியினதா என்று தெளிதல் வேண்டும். கை நடுங்குவதாலும், விசையை வெடுக்கென இழுப்பதாலும் குண்டு விலகும். தோட்டாவை மாற்றினும் பிழை மாறும்: கனத்த குண்டு மெதுவாகச் செல்வதால் குழலுள் நெடிது தங்கும், அதற்குள் உதைப்பினால் குழல் நுனி எழும், ஆதலின் அது பெரும்பாலும் உயரவே படும். எனவே ஒரே வகைத் தோட்டாவால், கையைத் தாங்குபொருள்மேல் அமர்த்திப் பலமுறை சுட்டு, அவை பட்ட இடங்களின் நடுவையே கணக்கிற் கொள்ள வேண்டும். ஒரு குண்டின் பிழையைக் கொண்டு அராவுதல் பேதைமை.

இவற்றுள் வீட்டிற் செய்யத்தக்கது எது? தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிடுதல் ஒன்றே. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டுவதுபோலப் பழுதுபார்க்கவும் சோதிக்கவும் உரிமம் வேண்டும். சுட்டுப் பார்த்தற்கு உரிய இடம் சுடுபயிற்சிக் களம். அராவுதற்கு உரியவர் உரிமம் பெற்ற கம்மியர். அவரிடம் 'சிறிது குறையுங்கள்' என்னாது, '0.6 மில்லிமீட்டர் குறையுங்கள்' என்று சொல்ல வல்லவனே கற்ற கணிதத்தின் பயனைப் பெற்றவனாவான்.